பதினைந்து டாலர் கம்பி

காருக்கு அடியில் குனிந்து பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்குக் கிடையாது. சர்வீஸ் சென்டரில் லிஃப்டில் ஏற்றியிருக்கும்போது எட்டிப் பார்த்தால், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஒரு இரும்புக் கம்பி ஓடுவது தெரியும். கட்டைவிரல் பருமன். இரண்டு முனைகளும் வளைந்து, ஆளுக்கொரு சக்கரத்தின் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆன்டி-ரோல் பார் என்று கேட்லாக் சொல்லும், ஸ்டெபிலைசர் ராடு என்று மெக்கானிக் சொல்வார். எஞ்சின் மாதிரி சத்தம் போடாது, ஹெட்லைட் மாதிரி மின்னாது. விலையும் பெரிதில்லை. ஷோரூமில் யாரும் இதைப் பற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இந்தக் கம்பி ஒரு சின்னக் காரில் இல்லாமல் போனது. அதன் பின்னால் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள், ஒரு புகழ்பெற்ற புத்தகம், ஒரு செனட் விசாரணை, ஒரு புதுச் சட்டம். அந்தக் காரின் பெயர் செவ்ரோலே கார்வேர். சஸ்பென்ஷனை மேம்படுத்துவது என்றால் இன்று நமக்கு யூட்யூபில் வண்டியைத் தாழ்த்தி, மஞ்சள் ஷாக் அப்சார்பர் மாட்டும் பையன்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த வார்த்தைக்கு வேறொரு கனம் இருந்தது.

வண்டு வந்த காலம்

1950களின் அமெரிக்கக் கார் என்பது ஒரு நடமாடும் வரவேற்பறை. நீளம், அகலம், குரோம், பின்னால் விமான வால் மாதிரி துடுப்பு. அந்தச் சந்தைக்குள் ஜெர்மனியிலிருந்து ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வந்தது. பார்க்க வண்டு, பின்னால் எஞ்சின், தண்ணீர் வேண்டாம், காற்றிலேயே குளிரும். 1959-இல் மட்டும் அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த ஆண்டு அங்கே விற்ற கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று வெளிநாட்டு வண்டி. டெட்ராய்ட் விழித்துக்கொண்டது.

மூன்று பெரிய கம்பெனிகளும் 1959-இன் இலையுதிர் காலத்தில் சின்னக் கார்களை இறக்கின. ஃபோர்டின் ஃபால்கன், கிரைஸ்லரின் வேலியன்ட் இரண்டும் பெரிய காரைச் சலவையில் போட்டுச் சுருக்கியது மாதிரி. முன்னால் எஞ்சின், பின்னால் நேர் அச்சு, எல்லாம் பழைய சமையல் குறிப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் மட்டும் வேறு வழியில் போனது. அதன் செவ்ரோலே பிரிவின் தலைவர் எட் கோல் அடிப்படையில் ஒரு எஞ்சினியர். அவர் கொண்டுவந்த கார்வேரில் ஆறு சிலிண்டர் அலுமினிய எஞ்சின் படுத்த நிலையில் பின்னால் இருந்தது. காற்றில் குளிர்வது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். விலை சுமார் 2,000 டாலர். 'டைம்' பத்திரிகை கோலை அட்டையில் போட்டது. 'மோட்டார் டிரெண்ட்' 1960-இன் சிறந்த கார் என்று விருது கொடுத்தது.

உண்மையிலேயே துணிச்சலான கார் அது. எஞ்சின் பின்னால் போனதால் நடுவே டிரான்ஸ்மிஷனுக்கான மேடு இல்லை. தரை தட்டை, உட்கார இடம் தாராளம், ஸ்டியரிங் லேசு. ஆனால் காரின் எடையில் சுமார் 60 சதவீதம் பின்சக்கரங்களின் தலையில் விழுந்தது. அந்தப் பின்சக்கரங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது ஸ்விங் ஆக்சில் என்னும் அமைப்பு.

சக்கரம் காலை மடக்கும்போது

ஸ்விங் ஆக்சிலைப் புரிந்துகொள்ள இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி நில்லுங்கள். உங்கள் உடம்பு காரின் டிஃபரென்ஷியல், கைகள் இரண்டும் அச்சுகள், உள்ளங்கைகள் சக்கரங்கள். விரல்கள் கீழே பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது கையைத் தோளிலிருந்து மட்டும்தான் அசைக்கலாம். மணிக்கட்டில் கூடுதலாக வளைக்கக் கூடாது. கையை உயர்த்தினால் உள்ளங்கை ஒரு பக்கம் சாய்கிறது, தாழ்த்தினால் இன்னொரு பக்கம் சாய்கிறது. மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் சக்கரம் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்துகொண்டே இருக்கிறது. இந்தச் சாய்வுக்குப் பெயர் கேம்பர்.

நேர் ரோட்டில் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. சிக்கல் வளைவில்தான். வேகமாக இடது பக்கம் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். சாலை, வலது பின்சக்கரத்தின் அடிப்பகுதியைக் காருக்கு உள்பக்கமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் தரைமட்டத்தில் நடக்கிறது, அச்சு மாட்டியிருக்கும் மூட்டோ தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. எனவே தள்ளல், சக்கரத்தைக் காருக்கு அடியில் மடக்கப் பார்க்கிறது. சக்கரம் மடங்கினால் காரின் பின்பகுதி மேலே எழும்ப வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கின மாதிரி. ஆங்கிலத்தில் இதற்கு வைத்திருக்கும் பெயரும் ஜாக்கிங்தான்.

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூட்டின் உயரம் 30 செ.மீ., மூட்டிலிருந்து சக்கரம் 60 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். பக்கவாட்டு விசையில் பாதி, தூக்கும் விசையாக மாறும். வெளிச்சக்கரத்தில் 400 கிலோ அளவுக்குத் தள்ளல்; உள்சக்கரத்தில் 150 கிலோ, அது எதிர்த்திசையில் காரைக் கீழே இழுக்கும். மிச்சம் 250. அதில் பாதி 125. அதாவது இரண்டு ஆள் சேர்ந்து காரின் பின்பகுதியை மேலே தூக்குகிற மாதிரி. எப்போது? வளைவின் நட்ட நடுவில், கார் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில்.

தூக்கத் தூக்க சக்கரம் இன்னும் மடங்கும். டயர் தன் வெளி ஓரத்தில் மட்டும் நிற்கும், பிடிமானம் குறையும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவிலுள்ள அகலம் குறையும், காரின் எடைமையம் உயரும். பின்பகுதி வழுக்கி வெளியே சுழலப் பார்க்கும். ஓவர்ஸ்டியர் என்பது இதுதான். பயந்துபோன டிரைவர் என்ன செய்வார்? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், பிரேக்கை மிதிப்பார். அப்படிச் செய்தால் எடை முன்னால் போகிறது, பின்பகுதி இன்னும் லேசாகி மேலே எழுகிறது, சக்கரம் இன்னும் மடங்குகிறது. பயத்தில் கால் எதைச் செய்யுமோ, அதுவே காரைக் கவிழ்க்கும் காரியமாகிவிடுகிறது. இந்தக் கதையின் மையமே இந்த இடம்தான்.

சரி, அந்தக் கம்பி இதில் என்ன செய்யும்? வளைவில் உள்பக்க எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறியே தீரும், அதைத் தடுக்க முடியாது. ஆனால் அந்தச் சுமையை முன் ஜோடி அதிகம் ஏற்பதா, பின் ஜோடி அதிகம் ஏற்பதா என்பதை நாம் தீர்மானிக்கலாம். முன்பக்கம் ஆன்டி-ரோல் பார் மாட்டினால் முன்சக்கரங்கள் அதிகப் பங்கை ஏற்கும், பின்சக்கரங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். எல்லை மீறினால் முதலில் வழுக்குவது முன்பக்கமாக இருக்கும். கார் திரும்ப மறுத்து நேராகப் போகும். அப்போது கால் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால், வேகம் குறைந்து கார் தானாகப் பிடிமானத்துக்குத் திரும்பும். இது அண்டர்ஸ்டியர். ரேஸ் டிரைவர்களுக்குப் பிடிக்காது, அவர்கள் கதை வேறு. மளிகை வாங்கப் போகிறவருக்கு இதுதான் நல்லது.

தெரியாத விஷயம் இல்லை

ஸ்விங் ஆக்சில் 1959-இல் புதிய பொருள் இல்லை. ஆஸ்திரியரான எட்மண்ட் ரும்ப்லர் அதற்கு 1903-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா, ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த பீட்டில் என்று ஐரோப்பாவில் அது பரவியிருந்தது. மலிவான கார்களில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இறக்கை மாதிரி கதவு திறக்கும் மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரிலும் அதுதான். ஆனால் மெர்சிடிஸ் பாடம் கற்றுக்கொண்டது. 1957-இல் வந்த ரோட்ஸ்டர் மாடலில் மூட்டின் இடத்தைக் கீழே இறக்கி, நடுவில் ஈடுசெய்யும் ஸ்பிரிங் ஒன்றையும் சேர்த்தார்கள். மேலே போட்ட கணக்கில் 30 செ.மீ. என்பதைக் குறைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஜெனரல் மோட்டார்ஸுக்கு உள்ளேயும் விஷயம் தெரிந்தவர் இருந்தார். மாரிஸ் ஆலி, ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து வந்த ஆங்கிலேயர். 1930களில் அமெரிக்கக் கார்களுக்குத் தனித்தனி முன் சஸ்பென்ஷன் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. போருக்குப் பிந்தைய ஐரோப்பியக் கார்களைப் பற்றி 1953-இல் அவர் முன்வைத்த கட்டுரையில், பின்-எஞ்சினும் ஸ்விங் ஆக்சிலும் சேர்ந்த கூட்டணியைக் கடுமையாக விமர்சித்திருந்தார். கார்வேர் வருவதற்கு ஆறு வருடம் முன்பு.

அப்படியானால் கோலின் குழு என்ன நினைத்தது? முன்பக்கக் கம்பி அடிப்படை மாடலில் இடம்பெறவில்லை. அதற்குப் பதில் அவர்கள் நம்பியது காற்றை. டயர்க் காற்றை! முன் டயர்களில் 15 பவுண்டு, பின் டயர்களில் 26 பவுண்டு என்று கையேட்டில் போட்டார்கள். முன் டயர் தளதளவென்று இருந்தால் வளைவில் முன்பக்கம் முதலில் வழுக்கும், பின்பக்கம் காப்பாற்றப்படும். இயற்பியல்படி சரியான யோசனைதான். பைசா செலவில்லாத தீர்வும் கூட.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் பழகிய காட்சி. டிசைனில் உள்ள ஒரு பலவீனத்தைத் திருத்த நேரமும் காசும் இல்லை, ஆகவே கான்ஃபிக் ஃபைலில் ஒரு எண்ணை மாற்றி ஒப்பேற்றுகிறோம். "இந்த மதிப்பை மாற்றாதீர்கள்" என்று டாகுமென்டேஷனில் ஒரு வரி எழுதுகிறோம். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. கார்வேரின் கான்ஃபிக் ஃபைல், அமெரிக்காவின் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் காற்றுக் குழாயோடு நின்ற பையனின் கையில் இருந்தது. அவனுக்கு மற்ற எல்லாக் கார்களையும் போல நான்கு டயரிலும் ஒரே அளவு காற்றடித்துத்தான் பழக்கம். 15 பவுண்டு டயரைப் பார்த்தால் காற்று இறங்கியிருக்கிறது என்றுதான் தோன்றும். உதவி செய்வதாக நினைத்து நிரப்பிவிடுவான். அந்த ஒரு நிமிட உபகாரத்தில் காரின் குணமே மாறிவிடும், ஓட்டுகிறவருக்கோ ஒன்றும் தெரியாது.

தெரிந்தவர்களுக்கு மட்டும்

கார் ரசிகர்களுக்கு மட்டும் தெரிந்தது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் ஜோ விட்டோன் என்பவர் எம்பி என்ற கம்பெனி நடத்திவந்தார். ஃபோக்ஸ்வாகன் உதிரிபாகங்கள்தான் தொழில். அவர்கள் விற்ற பொருட்களில் ஒன்று கேம்பர் காம்பென்சேட்டர். லாரிகளில் பார்த்திருப்பீர்களே, எஃகுப் பட்டை ஸ்பிரிங், அது மாதிரி ஒன்று. காரின் குறுக்கே, டிரான்ஸ்மிஷனுக்குக் கீழே நடுவில் மாட்டி, இரண்டு முனைகளையும் இரண்டு அச்சுகளுக்கு அடியில் கொடுத்துவிடுவார்கள். நடுவில் அது ஏற்றப்பலகை மாதிரி ஆடும். ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கினால் தடுக்காது. ஆனால் காரின் பின்பகுதி எழும்பி, இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் தொங்க முயன்றால் விடாது. அதாவது ஜாக்கிங்கை மட்டும் குறிவைத்துத் தடுக்கிறது. எளிய, அழகான எஞ்சினியரிங். பீட்டிலுக்கும் விற்றார்கள், கார்வேருக்கும் விற்றார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸும் 1962-இல் ஒரு கூடுதல் தொகுப்பை விலைப்பட்டியலில் சேர்த்தது. எண் 696. அதில் முன்பக்க ஆன்டி-ரோல் பார், இறுக்கமான ஸ்பிரிங்குகள், பின் அச்சு அளவுக்கு மேல் தொங்காமல் பிடிக்கும் பட்டைகள் எல்லாம் உண்டு. கூடுதல் காசு கொடுத்தால் கிடைக்கும். விரைவாக ஓட்ட விரும்புகிறவர்களுக்கான சமாச்சாரம் என்ற தோரணையில் அது விற்கப்பட்டது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கம்பி யாருக்கு அதிகம் தேவை? வளைவில் பின்பகுதி நழுவும்போது பதறாமல் எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமாளிப்பார். பின் சீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு மழையில் வீடு திரும்பும் அப்பாவுக்குத்தான் அது வேண்டும். அவரோ ஸ்விங் ஆக்சில் என்ற சொல்லையே கேட்டதில்லை, 696 எதற்கு என்று அவருக்குத் தெரியாது, சிக்கனத்துக்காகவே இந்தக் காரை வாங்குகிறார். ஆபத்தைப் பற்றி அறிந்தவர் விலை கொடுத்து விலகிக்கொள்ளலாம். அறியாதவர் ஆபத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். பாதுகாப்பை ஆப்ஷன் பட்டியலில் வைத்தால் எப்போதும் நடப்பது இதுதான்.

அந்த ரசிகர் உலகத்தில் இன்னொருவர் ஜான் ஃபிட்ச். ரேஸ் டிரைவர். 1955-இல் லெ மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் காரைப் பகிர்ந்து ஓட்ட பியர் லவேயோடு இருந்தவர். ஃபிட்சின் முறை வருமுன்பே லவேயின் கார் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்தது. லவேயும் 80-க்கு மேற்பட்ட பார்வையாளர்களும் இறந்தார்கள். பந்தய வரலாற்றிலேயே பெரிய விபத்து. அறுபதுகளில் ஃபிட்ச், கனெக்டிகட்டில் கார்வேர்களை வாங்கி, சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங்கையும் சீர்செய்து 'ஃபிட்ச் ஸ்பிரின்ட்' என்ற பெயரில் விற்றார். பென்சில்வேனியாவில் டான் யென்கோ என்பவர் 1966-இல் 100 கார்வேர்களைப் பந்தயக் கார்களாக மாற்றி 'ஸ்டிங்கர்' என்று இறக்கினார். பந்தயங்களில் வென்றன. சரியான பாகங்களை மாட்டினால் இந்தக் கார் எவ்வளவு நல்ல கார் என்பதற்கு இவர்களே சாட்சி.

மேலிடம்

1961-இல் செவ்ரோலேவின் பொறுப்புக்கு வந்தவர் பங்கி நட்சென். அதற்குப் பின் நடந்ததை, பிற்காலத்தில் அதே நாற்காலிக்கு வந்த ஜான் டிலோரியன் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல பத்திரிகையாளர் பாட்ரிக் ரைட் எழுதி 1979-இல் வெளிவந்த புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறது. கம்பியை எல்லாக் கார்களிலும் சேர்க்க நட்சென் அனுமதி கேட்டாராம். காருக்கு 15 டாலர் ஆகும். செலவு அதிகம் என்று மேலிடம் மறுத்துவிட்டது. அனுமதி தராவிட்டால் ராஜினாமா செய்வேன் என்று அவர் மிரட்டிய பிறகுதான் இறங்கிவந்தது. டிலோரியனுக்கும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் நல்ல உறவு இல்லை, அதனால் இதை ஒரு தரப்பின் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் முடிவு ஊரறிந்தது. 1964 மாடலில் முன்பக்கக் கம்பியும், பின்பக்கம் குறுக்கே ஒரு பட்டை ஸ்பிரிங்கும் எல்லாக் கார்வேர்களிலும் வந்தன. அந்தப் பின் ஸ்பிரிங் செய்தது கிட்டத்தட்ட விட்டோனின் கடைச் சரக்கு செய்த வேலையை. 1965 மாடலில் ஸ்விங் ஆக்சிலையே தூக்கி எறிந்துவிட்டு, கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் முழுசாகப் புது சஸ்பென்ஷன் வைத்தார்கள். கார் குணமாகிவிட்டது.

அதன் பிறகுதான் புத்தகம் வந்தது. 1965 நவம்பர் 30, ரால்ஃப் நேடரின் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்'. அப்போது நேடருக்கு 31 வயது, வழக்கறிஞர். முதல் அத்தியாயமே கார்வேர். அந்த ஆண்டு அமெரிக்கச் சாலைகளில் சுமார் 47,000 பேர் இறந்திருந்தார்கள். அதுவரை விபத்து என்றால் டிரைவர் தவறு என்பதே பொதுப் பேச்சு. காரின் வடிவமைப்பும் குற்றவாளியாக இருக்கலாம் என்று நேடர் எழுதினார்.

ஜெனரல் மோட்டார்ஸ் பதில் எழுதியிருக்கலாம். 'பழைய மாடல்களில் குறை இருந்தது, திருத்திவிட்டோம்' என்று சொல்லியிருந்தால் புத்தகம் சில ஆயிரம் பிரதிகளோடு நின்றிருக்கக்கூடும். ஆனால் அவர்கள் நேடரின் பின்னால் தனியார் துப்பறிவாளர்களை அனுப்பினார்கள். அந்தரங்க வாழ்க்கையைக் குடைந்தார்கள். அது வெளியே தெரிந்து, 1966 மார்ச்சில் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச், ஆபிரகாம் ரிபிகாஃப் தலைமையிலான செனட் துணைக்குழுவின் முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். அமெரிக்காவில் காருக்குப் பாதுகாப்புத் தரம் விதிக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு வந்தது அப்போதுதான். நேடர் தொடுத்த வழக்கை 1970-இல் 4,25,000 டாலர் கொடுத்துக் கம்பெனி முடித்துக்கொண்டது. 15 டாலர் கம்பிகள் 28,000-க்கும் மேல் வாங்கியிருக்கலாம்.

தீர்ப்புக்குப் பின் ஒரு தீர்ப்பு

கதை இங்கே முடிந்தால் நல்லவன் கெட்டவன் கதையாகிவிடும். முடியவில்லை. புதுச் சட்டத்தால் உருவான அரசுப் பாதுகாப்பு அமைப்பே கார்வேரைச் சோதித்துப் பார்த்தது. 1963 மாடல் கார்வேரை ஃபால்கன், வேலியன்ட், பீட்டில், ரெனோ டோஃபின் ஆகியவற்றோடு ஓட்டிப் பார்த்தார்கள். 1972-இல் வந்த அறிக்கை, கார்வேரின் நடத்தை அந்தக் காலத்துச் சில கார்களைவிட மோசமில்லை, அவற்றைவிட எளிதில் கவிழவும் இல்லை என்று சொன்னது. கார்வேர் ரசிகர்கள் இன்றும் இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நேடர் பொய் சொன்னார் என்பார்கள்.

எனக்கு அந்த அறிக்கையில் வேறொன்று தெரிகிறது. 'மற்றவற்றைவிட மோசமில்லை' என்பது எந்த அளவுகோல்? ஒப்பிட்ட வரிசையில் பீட்டிலும் டோஃபினும் இருக்கின்றன. அவையும் பின்-எஞ்சின் கார்கள், அவற்றிலும் ஸ்விங் ஆக்சில்தான். வகுப்பில் எல்லாரும் ஃபெயில் என்றால் அதில் நீ மட்டும் தனியாக மோசமில்லை என்று சொல்லலாம். அந்த வகையில் கார்வேர் மீது மட்டும் பழி விழுந்தது அநியாயம்தான். ஆனால் அதனால் கம்பி தேவையில்லை என்றாகிவிடாது. பீட்டிலும் திருந்தியது என்பதைக் கவனிக்க வேண்டும். 1967 மாடலில் பின்பக்கம் ஈடுசெய்யும் கம்பி ஒன்றைச் சேர்த்து, 1969 மாடலில் அமெரிக்கச் சந்தைக்கு ஸ்விங் ஆக்சிலையே கைவிட்டது. எல்லாரும் ஒரே திசையில்தான் போனார்கள், யார் எப்போது போனார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நேடரால் கார்வேர் செத்தது என்பதும் முழு உண்மையில்லை. 1964 ஏப்ரலில் ஃபோர்ட் மஸ்டாங் வந்தது. ஸ்போர்ட்டியான சின்னக் கார் வேண்டும் என்றவர்கள் அங்கே போய்விட்டார்கள். புத்தகம் வேகத்தைக் கூட்டியது. 1965-இல் இரண்டு லட்சத்துக்கு மேல் தயாரான கார்வேர், 1966-இல் சுமார் ஒரு லட்சமாகச் சரிந்தது. 1969 மே மாதம் கடைசிக் கார் வெளியே வந்தபோது அந்த ஆண்டின் எண்ணிக்கை 6,000. கடைசியாக வந்த கார்கள்தாம் இருப்பதிலேயே நன்றாக ஓடியவை. யாரும் வாங்கவில்லை.

எட் கோலையும் வில்லனாக்கிவிட முடியாது. அவர் பின்னர் கம்பெனியின் தலைவரானார். ஈயமில்லாப் பெட்ரோலுக்கும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் உள்ளிருந்து தள்ளியவர் அவர். ஏர்பேகை நம்பியவரும் கூட. 1974 முதல் 1976 வரை ஜெனரல் மோட்டார்ஸ் சில பெரிய கார்களில் ஏர்பேகை விற்றது. எப்படி? கூடுதல் காசுக்கு, ஆப்ஷனாக. சுமார் 10,000 பேர்தான் வாங்கினார்கள். மக்களுக்குப் பாதுகாப்பில் ஆர்வமில்லை என்று அதை வைத்து முடிவுகட்டினார்கள். 696-இன் கதை அப்படியே திரும்பவும்.

வண்டலூரும் ஒரு லட்ச ரூபாய்க் காரும்

ஸ்விங் ஆக்சில் நம்மூருக்கும் வந்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்–பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். எஞ்சின் முன்னால்தான், ஆனால் பின்சக்கரங்களுக்கு அதே ஸ்விங் ஆக்சில். நான்கு கதவு ஹெரால்ட் என்பது உலகத்திலேயே மதராஸில் மட்டும் செய்யப்பட்டது. பிரிட்டனில் அந்தக் குடும்பத்துக் கார்களுக்கு 1970 வாக்கில் ஸ்விங் ஆக்சிலை மேம்படுத்தி ஆடும் பட்டை ஸ்பிரிங் கொடுத்தார்கள். இங்கே வேறு வழி. 1972-இல் வந்த ஸ்டாண்டர்ட் கெசலில் ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு, அம்பாசடர், ஃபியட் மாதிரி நேர் அச்சே வைத்தார்கள். தொழில்நுட்பத்தில் ஒரு படி பின்னால் போனதாகத் தோன்றும். ஆனால் நேர் அச்சில் சக்கரம் காலை மடக்காது. எந்தத் தெருமுனை மெக்கானிக்குக்கும் அது புரியும். சில நேரம் பின்னால் போவதும் மேம்படுத்தல்தான்.

2009 மார்ச்சில் டாடா நானோ வந்தது. எஞ்சின் பின்னால், விலை ஏறத்தாழ ஒரு லட்சம். நானோவில் ஸ்விங் ஆக்சில் இல்லை, அதைவிட நல்ல அமைப்புதான். ஆனாலும் பின்-எஞ்சின் காரின் பழைய பிரச்சினையை அதுவும் சமாளிக்க வேண்டியிருந்தது. முன் டயர் 135 மி.மீ. அகலம், பின் டயர் 155 மி.மீ. ஏன் ஒல்லி டயர் முன்னால்? முன்பக்கம் முதலில் வழுக்கட்டும் என்றுதான். கார்வேர் காற்றழுத்தத்தில் செய்ததை நானோ டயர் அகலத்தில் செய்தது. பெட்ரோல் பங்கில் யாரும் மாற்றிவிட முடியாத இடத்தில் அந்த எண்ணை வைத்தார்கள் என்பது பெரிய முன்னேற்றம். முன்பக்க ஆன்டி-ரோல் பார்? அது 2012 மாடலில் சேர்ந்தது. கார்வேருக்கு ஆனது நான்கு வருடம், நானோவுக்கு மூன்று. ஸ்டெபிலைசர் ராடு என்பது சின்னக் கார்களுக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதமாக வரும் விருந்தாளி போலிருக்கிறது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்ற ஐந்து சின்னக் கார்களின் அடிப்படை மாடல்களை மோதவிட்டுப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். அவற்றில் சிலவற்றின் விலை உயர்ந்த மாடல்களில் ஏர்பேக் இருந்தது. அதாவது, அதே கார், அதே தொழிற்சாலை, அதே சாலை. காசு கொடுத்தவருக்கு மட்டும் ஏர்பேக். ஏபிஎஸ்ஸும் டிரைவர் ஏர்பேகும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019-இல். அதுவரை நம் ஷோரூம்களில் 'பேஸ் மாடல்', 'டாப் எண்ட்' என்று பேசிக்கொண்டிருந்தபோது, சன்ரூஃபும் அலாய் வீலும் இருந்த அதே நெடுவரிசையில்தான் உயிரும் இருந்தது.

ஆர்வத்துக்காகக் காரை மேம்படுத்துவதில் ஒரு தவறும் இல்லை. தன் மாருதியின் அடியில் படுத்து நல்ல ஷாக் அப்சார்பர் மாட்டும் இளைஞன், விட்டோனின் வழித்தோன்றல். கார் தன் கைக்குப் பேசுவதைக் கேட்கும் சந்தோஷம் தனி. பந்தயத் தடத்தில் அவனைப் போன்றவர்கள் கண்டுபிடித்ததுதான் பல வருடம் கழித்து நம் எல்லாருடைய காரிலும் வந்து சேர்கிறது. ஆனால் இரண்டு வகை மேம்படுத்தல் உண்டு. ஒன்று, நல்லதை இன்னும் நல்லதாக்குவது. இன்னொன்று, முதலிலேயே இருந்திருக்க வேண்டியதை நாமே காசு போட்டுச் சேர்த்துக்கொள்வது. இரண்டுக்கும் கடைக்காரர் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறார். பில்லைக் கையில் வாங்கும்போது இது எந்த வகை என்று கேட்டுக்கொள்வது நம் வேலை.

ஜான் ஃபிட்சைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். லெ மானில் பார்த்தது அவரை விடவில்லை. கார்வேர்களை ரசிகர்களுக்காகச் செதுக்கிய அதே பத்தாண்டில் அவர் வேறொன்றையும் செய்தார். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய்கள். நெடுஞ்சாலையில் பாலத்தின் தூணுக்கு முன்னால், சாலை இரண்டாகப் பிரியும் முனையில் அவற்றை வரிசையாக வைப்பது. முன் வரிசையில் மணல் குறைவு, பின்னால் போகப் போக அதிகம். மோதும் கார் சட்டென்று நிற்காமல் படிப்படியாக நிற்கும். ஃபிட்ச் 2012-இல் தன் 95ஆவது வயதில் இறந்தார். அவருடைய ஸ்பிரின்ட் கார்கள் சில சேகரிப்பாளர்களிடம் பத்திரமாக இருக்கின்றன. பீப்பாய்கள் அமெரிக்க நெடுஞ்சாலைகள் எங்கும் மஞ்சள் நிறத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. பேஸ் மாடல் வந்து மோதினாலும் டாப் எண்ட் வந்து மோதினாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.